குறை காணப்படவில்லை

மழை இல்லை. மூட்டம் மட்டும்.
சென்கிளயர் தாண்டி மூன்றாம் முடக்கில்
வலது லைட் போய்விட்டது.
பாதையில் பாதி இருந்தது. மற்றப் பாதி
மதிலா பள்ளமா தெரியவில்லை.
எதிரே வந்த லொறிக்காரன்
என்னை மோட்டார் சைக்கிள் என்று நினைத்து
நடுக்கோட்டைத் தாண்டி வந்தான்.
ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல் நின்றேன்.
அவன் உரசாமல் போன பிறகு
லைட் தானாக வந்தது,
எங்கேயும் போகாததுபோல.

கொம்பனி கராஜ் கண்டியில்.
விடிய ஐந்துக்குக் கிளம்பினால்
கினிகத்தேனையில் ஸ்வெட்டரைக் கழற்றலாம்,
கம்பளையில் கண்ணாடியை இறக்கலாம்,
கண்டியில் வியர்க்கலாம்.
வியர்த்துக்கொண்டே பார்த்தார்கள்.
போட்டார்கள், அணைத்தார்கள், போட்டார்கள்.
ஒவ்வொரு முறையும் எரிந்தது,
இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு
வகுப்பிலேயே குழப்படிக்காரன்
கையைக் கட்டிக்கொண்டு நிற்பானே, அப்படி.
"லைட் எக ஹொந்தய், மிஸ்."
அட்டையில் என் பெயரில் ஓர் எழுத்தை விழுங்கி
அதன் கீழே எழுதினார்கள்:
குறை காணப்படவில்லை.

இரண்டாம் தடவை பல்பை மாற்றினார்கள்.
அது என் மனச்சாந்திக்கு.

மூன்றாம் தடவை மனேஜர்
வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்.
இருந்தது.
கூட வரும் அற்றெண்டன் பிலோமினா
நடுங்கிய கையால் பிடித்த பதினாறு நொடி.
அதில் இருட்டு நன்றாக விழுந்திருந்தது.
இது உங்கள் வாகனம்தான் என்று
எப்படிச் சொல்வது, என்றார்.
வாரண்டிக்கு மீதி ஒன்பது நாள்.
லீசிங்குக்கு மீதி இருபத்தாறு மாதம்.

வாசல்வரை பின்னாலேயே வந்தவன் தம்மிக்க.
கையெல்லாம் கிறீஸ். மனேஜருக்குக் கேட்காத குரல்.
"மிஸ், அங்கே குளிரா?"

இத்தனை நாளில் யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை பதுளை ரயிலில் வந்து
கொட்டகலையில் இறங்கினான், அரைக்கைச் சட்டையோடு.
பிலோமினாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு
முன் சீட்டில் உட்கார்ந்தான்.
தலவாக்கலை வரை போனோம். எரிந்தது.
லிந்துலை வரை போனோம். எரிந்தது.
எனக்கு வெட்கமாக இருந்தது,
பொய் சொல்லி ஆளைக் கூப்பிட்ட மாதிரி.
திரும்பி வருகையில், அதே மூன்றாம் முடக்கு,
அணைந்தது.
"ஆ! ஹரி!" என்று கத்தினான்,
லொத்தர் விழுந்தவனைப்போல.
என் கஷ்டத்தைப் பார்த்து
இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் வேறில்லை.

பொனற்றைத் தூக்கி, டோர்ச்சைப் பல்லில் கடித்து
ஒரு கறுப்பு வயரைத் தொட்டான். வந்தது.
விட்டான். போனது.
எர்த் வயர். அதைப் பிடித்திருந்த போல்ட்
மயிரிழை இளகியிருந்தது.
சூட்டில் விரிந்து தொடும்,
குளிரில் சுருங்கி விலகும்.
கண்டியில் அதற்கு என்றைக்கும் சுகம்தான்.

வாரண்டிப் புத்தகத்தை முழங்காலில் வைத்து
திகதி, இரவு ஒன்பது நாற்பது, இடம்,
'மூட்டம்' என்றுகூட எழுதினான்.
மனேஜர் கேட்டால் காட்டலாமாம்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
மேல்கணக்குப் பேச்சியம்மா.
நாலாம் நம்பர் மலை ஏறினால்
நெஞ்சை அடைக்குது என்று
மாசியிலிருந்து நாலு தடவை வந்தவள்.
எங்கள் வாங்கில் அரை நாள் காத்திருந்து
மூச்செல்லாம் ஆறிக் கட்டிலில் படுத்ததும்
இசிஜியில் கோடு ஒழுங்காக ஓடியது.
டொக்டர் சொல்லத் துண்டில் எழுதியது நான்.
என் கையெழுத்து வடிவானது.
எல்லாரும் சொல்வார்கள்.

திங்கட்கிழமை டொக்டரிடம் கேட்டேன்.
முதலில் சிரித்தார், பிறகு சரி என்றார்.
தோட்டத்து ஒபீசுக்குக் கோல் எடுத்தேன்:
அவளை அனுப்புங்கள், காக்க வைக்க மாட்டோம்.
வார்டுக்குப் பின்னால் நாற்பத்திரண்டு படி இருக்கிறது,
நானும் கூடவே ஏறுவேன்,
மிஷின் மேலே இருக்கும்.

ஒன்றுமில்லை என்றுதானே எழுதிக் கொடுத்தீர்கள்,
இப்போது எதற்கு, என்றார் கிளார்க்.
"அங்கே குளிர்" என்றேன்,
வேறு வார்த்தை வராமல்.